64ஏ: போதைச் சட்டத்துக்குள் சாத்திக் கிடக்கும் கதவு

'கஞ்சா வைத்திருந்த மூன்று வாலிபர்கள் கைது' என்ற செய்தியைப் பார்க்காமல் தமிழ்நாட்டில் ஒரு வாரம் போவதில்லை. அதே செய்தித்தாளின் இன்னொரு மூலையில், போதையின் பிடியில் சிக்கிய இளைஞர்களை மீட்போம் என்று கல்லூரி வளாகத்தில் உறுதிமொழி எடுக்கும் படம் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். கைதான மூவரும் மீட்கப்பட வேண்டியவர்களும் வேறு வேறு ஆட்களா?

சட்டத்தைப் புரட்டினால், ஒரே ஆளை அது இரண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவது தெரியும். ஒரு பிரிவில் அவர் தண்டனைக்குரியவர். இன்னொரு பிரிவில் சிகிச்சைக்குரியவர். முதல் பிரிவு தினமும் பயன்படுகிறது. இரண்டாவது பிரிவு, அதாவது 64ஏ, அநேகமாகத் தொடப்படுவதே இல்லை. ஏன் இப்படி, இதனால் அந்த ஆளுக்கும் வீட்டுக்கும் ஊருக்கும் என்ன ஆகிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## முதலில் மூன்று சொற்கள்

1. பயன்பாடு: ஒரு போதைப்பொருளை எப்போதாவது, அல்லது அடிக்கடி எடுப்பது. எடுப்பவர் எல்லோரும் நோயாளி ஆவதில்லை.

2. சார்பு: பேச்சில் 'அடிமை' என்று சொல்வதை மருத்துவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். இதற்கு இரண்டு உடல் அடையாளங்கள் உண்டு. முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமல் போவது தாங்குதிறன். நிறுத்தினால் உடல் முறுக்கிக்கொள்வது விலகல் அறிகுறி. ஹெராயின் எடுப்பவருக்குக் கடைசியாக எடுத்து எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் கொட்டாவி தொடங்கும். பிறகு கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும், தோல் புல்லரிக்கும், கால் தசைகள் இழுக்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். காலையில் பிடிபட்ட ஒருவருக்கு ராத்திரி லாக்கப்பில் நடப்பது இதுதான்.

3. என்டிபிஎஸ் சட்டம்: போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். 1985 நவம்பர் 14 அன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன் அபினிச் சட்டங்களும் 1930ன் அபாயகர மருந்துகள் சட்டமும் இருந்தன. 1961ல் வந்த ஐ.நா. உடன்படிக்கை கஞ்சாவின் மருத்துவம் சாராப் பயன்பாட்டை முடித்துக்கொள்ள நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் தந்திருந்தது. அந்தக் கெடு நெருங்கிய வேளையில்தான் இந்தச் சட்டம் வந்தது. அதுவரை பல மாநிலங்களில் கஞ்சா உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்கப்பட்டது என்பது இன்றைய தலைமுறைக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

கஞ்சா என்று சட்டம் சொல்வது செடியின் பூக்கும் நுனியை. தனியாக எடுத்த இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. இலையை அரைத்துச் செய்யும் 'பாங்கு' என்ற போதைப்பொருள் வடக்கே தப்பித்தது அப்படித்தான்.

## சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது

பொட்டலம் பிடிபட்டதும் நடப்பது இது. எலக்ட்ரானிக் தராசில் எடை போடுகிறார்கள். மகசர் எழுதுகிறார்கள். சாட்சிக் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு முத்திரை வைக்கிறார்கள். பொட்டலத்துக்கு உரியவரின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அந்தத் தராசின் எண் முடிவு செய்கிறது.

2001க்கு முன் இது இன்னும் மோசமாக இருந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கான மிகச் சிறிய அளவு என்று நிரூபிக்க முடியாவிட்டால், குறைந்தபட்சமே பத்து ஆண்டு சிறை. 2001ல் திருத்தம் கொண்டுவந்து மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்கள்:

1. சிறு அளவு: முதலில் ஆறு மாதம் வரை, 2014 திருத்தத்துக்குப் பிறகு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
2. இடைப்பட்ட அளவு: பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.
3. வணிக அளவு: குறைந்தது பத்து, அதிகபட்சம் இருபது ஆண்டு. ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். 'இவர் குற்றவாளி அல்ல' என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று ஜாமீன் கட்டத்திலேயே நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும் என்கிறது 37வது பிரிவு.

பொருளை எடுத்துக்கொண்டதற்கே தனியாக 27வது பிரிவு இருக்கிறது. ஹெராயின், கோகெய்ன், மார்ஃபின் என்றால் ஓராண்டு வரை, மற்றவைக்கு ஆறு மாதம் வரை சிறை.

எது சிறு அளவு? கஞ்சாவுக்கு 1 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம். கோகெய்னுக்கு 2 கிராம். வணிக அளவு கஞ்சாவுக்கு 20 கிலோ, ஹெராயினுக்கு 250 கிராம்.

## ஆறு கிராம் கணக்கு

இந்த எண்களை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு கிலோ கஞ்சா என்பது ஒருவர் சொந்தமாக எடுக்கும் அளவு இல்லை. ஐந்து கிராம், பத்து கிராம் பொட்டலங்களாகக் கட்டினால் நூறு இருநூறு பேருக்குப் போகும். 900 கிராம் வைத்திருக்கும் சில்லறை வியாபாரி சட்டத்தின் கண்ணில் 'சிறு அளவு' ஆள்.

இப்போது எதிர்ப்பக்கம். பல வருடமாக பிரவுன் சுகர் எடுக்கும் ஒருவர், தினமும் ஒரு கிராம் தேவைப்படும் நிலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் வாங்கப் போனால் தினமும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து. அதனால் ஆறு நாளுக்கு ஆறு கிராமாக வாங்கி வைக்கிறார். தெருவில் கிடைக்கும் பிரவுன் சுகர் சுத்தமான ஹெராயின் அல்ல. அதில் கலப்படமே பெரும்பங்கு.

அந்த ஆறு கிராமில் எவ்வளவை ஹெராயினாகக் கணக்கிடுவது? 2008ல் உச்ச நீதிமன்றம் மைக்கேல் ராஜ் வழக்கில், சுத்தமான போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்கச் சொன்னது. 2009ல் மத்திய அரசு, கலவை முழுவதையும் எடை போட வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அரசு பக்கம் நின்றது. கலப்படத்தையும் சேர்த்துத்தான் எடை.

ஆக, ஒரு கிராமுக்கும் குறைவான ஹெராயினோடு கலப்படம் சேர்ந்த ஆறு கிராம் பொட்டலம் 'இடைப்பட்ட அளவு' ஆகிவிடுகிறது. நோய் முற்றியவர் பத்தாண்டு அடுக்குக்குப் போகிறார். 900 கிராம் கஞ்சா விற்பவர் ஓராண்டு அடுக்கில் இருக்கிறார். கலந்து விற்பவர்கள் தப்பிக்கக்கூடாது என்பதே நீதிமன்றத்தின் கவலை, அதில் தவறில்லை. ஆனால் கலப்படத்தைச் செய்தவர் ஒருவர், அதன் எடையைச் சுமப்பவர் இன்னொருவர். நோயின் தீவிரத்தையே குற்றத்தின் தீவிரமாக அளக்கிற தராசு இது என்பதே என் முதல் குற்றச்சாட்டு.

## 64ஏ என்ன சொல்கிறது?

இதே சட்டத்துக்குள் ஒரு நல்ல மனம் கொண்ட பிரிவும் இருக்கிறது. பயன்படுத்திய குற்றத்துக்கோ, சிறு அளவு தொடர்பான குற்றத்துக்கோ உள்ளான சார்புநோயாளி ஒருவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர் மீது வழக்கு நடத்த முடியாது. இது 64ஏ பிரிவு. 39வது பிரிவின்படி, தண்டனை அறிவிக்கப்பட்டவரையும் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பஞ்சாபில் 2013 முதல் 2015 வரையிலான போதை வழக்குகளை ஆராய்ந்த 'விதி' என்ற சட்டக் கொள்கை ஆய்வு மையம், 2018ல் தன் அறிக்கையை வெளியிட்டது. இந்தியாவிலேயே ஹெராயின் சிக்கலால் அதிகம் அடிபட்ட மாநிலங்களில் பஞ்சாபும் ஒன்று. அந்த வழக்குகளில் ஒருவர்கூட நீதிமன்றம் வழியாகச் சிகிச்சைக்கு அனுப்பப்படவில்லை என்பதே அவர்கள் கண்டது.

கதவு இருக்கிறது, யாரும் நுழையவில்லை. காரணங்கள் அந்தப் பிரிவின் அமைப்பிலேயே இருக்கின்றன:

1. 'நான் போதைக்கு ஆட்பட்டவன், சிகிச்சை வேண்டும்' என்று சொன்னால், பொட்டலம் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும். பொருள் கையில் இருந்தாலே குற்றம் செய்ததாக அனுமானிக்கலாம் என்று 54வது பிரிவு வேறு சொல்கிறது. 'எதையும் ஒத்துக்காதீங்க' என்று வக்கீல் சொல்வது தொழில்முறையில் சரியான அறிவுரை. அந்த அறிவுரையே 64ஏவின் கதவைச் சாத்திவிடுகிறது.

2. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். சார்புநோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் சர்க்கரை ஏறினால் சிகிச்சை தோற்றது என்று யாரும் கைவிடுவதில்லை. இங்கே அந்த இடறலே மறுபடி வழக்காகிறது.

3. சார்பு என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். கைதான முதல் நாளிலேயே மனநல மருத்துவரிடம் காட்டும் கட்டாயம் வழக்கத்தில் இல்லை.

4. ஆறு கிராம்காரருக்கு இந்தப் பிரிவே கிடையாது. அவர் சிறு அளவைத் தாண்டிவிட்டார்.

'ஒப்புக்கொண்டால் மாட்டுவோம்' என்ற பயம் கற்பனையும் இல்லை. போதைத் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே தண்டனை தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2020 அக்டோபரில்தான், தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில். அதற்குள் சட்டத்துக்கு வயது முப்பத்தைந்து.

## பயம் ஒரு ஊரில் என்னென்ன செய்கிறது

2019ல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு ஆட்பட்டவர்களில் இருபது பேருக்கு ஒருவரே ஏதோ ஒரு சிகிச்சை பெறுகிறார். மருத்துவமனை இல்லாதது ஒரு காரணம். அங்கே போக அஞ்சுவது இன்னொரு காரணம். அந்த அச்சம் நான்கு இடங்களில் உயிரைக் குடிக்கிறது.

முதலாவது, ஊசி. சிரிஞ்சு பையில் இருந்தாலே சந்தேகம் வரும் என்பதால் கூடவே எடுத்துச் செல்ல மாட்டார்கள். ஒளித்து வைத்த ஒன்றையே நான்கு பேர் மாற்றி மாற்றிக் குத்திக்கொள்வார்கள். எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் அந்த ஊசி வழியாகவே பரவும். 1990களின் தொடக்கத்தில் மணிப்பூர் இதைத்தான் கண்டது. சென்னையிலும் ஊசி வழியாக எடுப்பவர்களிடையே எச்ஐவி பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம் இருந்தது.

இரண்டாவது, அளவு மீறிய நேரம். ஹெராயின் வகைப் பொருட்கள் மூச்சை மெதுவாக்கும். உதடு நீலமாகி, குறட்டை போல ஒரு சத்தம் வந்து, அப்புறம் மூச்சு நின்றுவிடும். நடுவில் சில நிமிடங்கள் இருக்கின்றன. நலோக்சோன் ஊசி போட்டால் பிழைக்க வைக்கலாம். கூட இருப்பவர்களோ 108க்குப் போன் செய்தால் பின்னாலேயே போலீஸ் வரும் என்று பயந்து ஓடுகிறார்கள். ஓடியவர்களைக் கோழைகள் என்று திட்டுவது எளிது. அவர்களுக்கு இருபது வயது, கையில் அதே பொருள் இருக்கிறது.

மூன்றாவது, சிறையிலிருந்து வெளியே வரும் வாரம். உள்ளே இருந்த மாதங்களில் தாங்குதிறன் இறங்கிவிடும். மூளையில் ஆசை இறங்கியிருக்காது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது. விடுதலைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிச் சாகும் ஆபத்து பல மடங்கு கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'ஆறு மாசம் உள்ள இருந்தா திருந்தி வருவான்' என்று நம்பும் பெற்றோருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

நான்காவது, வழக்கின் நிழல். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளில், என்டிபிஎஸ் வழக்குகளில் பாதிக்கு மேல் சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருந்தவை. இருபது வயதில் போடப்பட்ட எஃப்ஐஆர், இருபத்தைந்து வயதில் அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் வந்து நிற்கும். அதற்குள் போதையை விட்டிருப்பார். எஃப்ஐஆர் அவரை விட்டிருக்காது. வேலை கிடைக்காதவருக்குத் தெரிந்த ஒரே வருமானம், பழைய ஆட்களிடம் இரண்டு பொட்டலம் விற்றுக்கொடுத்து ஒன்றைத் தனக்கு வைத்துக்கொள்வது. பயன்படுத்தியவர் விற்பவராவது பெரும்பாலும் இந்தப் பாதையில்தான்.

## சட்டம் கற்றுக்கொடுக்கும் சொல்

சட்டம் தண்டிப்பதோடு நிற்பதில்லை. யாரைப் பார்த்து இரங்கலாம், யாரைப் பார்த்து முகம் சுளிக்கலாம் என்பதையும் அது நமக்குக் கற்றுக்கொடுக்கிறது.

இதைத் தமிழிலேயே பார்க்கலாம். மதுவுக்கு ஆட்பட்டவரைக் குறிக்கக் 'குடிகாரன்' என்ற சொல் மட்டுமே இருந்த காலம் உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை அமைப்பு, பின்னாளில் டிடிகே மருத்துவமனையாக அறியப்பட்டது. அது போன்ற இடங்களும், குடியை விட்டவர்கள் நடத்தும் கூட்டங்களும், மருத்துவர்களும் பல ஆண்டு பேசிப் பேசி, 'குடிநோயாளி' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. இன்று ஒரு மனைவி 'அவருக்கு இது ஒரு நோய்' என்று அக்கம்பக்கத்தில் சொல்ல முடிகிறது.

கஞ்சாவுக்கும் ஹெராயினுக்கும் மாத்திரைக்கும் அப்படி ஒரு சொல் இன்னும் வரவில்லை. 'கஞ்சா குடிக்கி', 'போதை ஆசாமி' என்றே எழுதுகிறோம். ஆசாமி என்று எழுதிய பிறகு அவருக்கு அம்மா இருப்பாள் என்று வாசகருக்குத் தோன்றாது. குடிப்பது குற்றமில்லை என்பதால் குடிநோயாளி வெளியே வந்து பேச முடிந்தது. மற்றவர் பேசினால் அது வாக்குமூலம் ஆகிவிடுகிறது. பேச ஆள் இல்லாத நோய்க்கு நல்ல பெயர் எப்படிக் கிடைக்கும்?

வீட்டுக்குள் இதன் விளைவு இன்னும் கொடுமையானது. மகன் சட்டைப் பையில் எதையோ பார்த்துவிட்ட தாய், யாரிடமும் சொல்ல முடியாது. மருத்துவரிடம் போனால் போலீசுக்குத் தகவல் போய்விடும் என்று நினைக்கிறாள். 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் தொடர்பான பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்து, நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையை 23வது பிரிவில் மருத்துவர்கள் மீது சுமத்துகிறது. அது அவளுக்குத் தெரியாது. கடைசியில், வண்டியோடு வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் ஏதோ ஒரு தனியார் மையத்துக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறாள். பதிவு இல்லாத அப்படிப்பட்ட மையங்களில் அடித்ததும், கட்டிப்போட்டதும், சில இடங்களில் உயிரே போனதும் செய்தியாக வந்திருக்கின்றன. தண்டனைதான் வைத்தியம் என்று சமூகம் நம்பத் தொடங்கிவிட்டால், அடிப்பவரும் தன்னை வைத்தியராக நினைத்துக்கொள்கிறார்.

எந்தப் போதையோடும் சம்பந்தமில்லாதவர்களையும் இந்தச் சட்டம் வருத்தியது. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலிக்கு மார்ஃபினை விட்டால் பெரிய மருந்து கிடையாது. 1985க்குப் பிறகு மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கப் பல துறைகளில் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. ஒன்று வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகும். தவறினால் பத்து ஆண்டு சிறை. மருந்துக்கடைகள் 'இந்த வம்பே வேண்டாம்' என்று ஒதுங்கின. பத்து பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மார்ஃபினுக்கு மூலமான அபினியை விளைவித்து உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டில் நோயாளிகள் வலியில் கத்திக்கொண்டு செத்தார்கள். கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2014 திருத்தத்தில் இந்த உரிமச் சிக்கல் குறைந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபினைத் தொடாமலே படித்து முடித்திருந்தார்கள். அந்தப் பழக்கமும் பயமும் இன்னும் முழுதாக மாறவில்லை.

## ஒரு பக்கம் அழுத்தினால்

கட்டுப்பாடு இறுகும்போது வியாபாரம் சிறிய, வீரியமான பொருளுக்கு நகரும். கஞ்சா மூட்டை இடத்தை அடைக்கும், வாசம் காட்டிக்கொடுக்கும். அட்டையில் பத்து மாத்திரை சட்டைப் பையில் அடங்கும்.

டிரமடால் என்ற வலி மாத்திரை தவறாகப் பயன்படுவதைக் கண்டு, 2018 ஏப்ரலில் அதை என்டிபிஎஸ் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த இடத்துக்கு, அப்போது பட்டியலில் இல்லாத டாபென்டடால் வந்தது. தமிழ்நாட்டில் 'வலி நிவாரணி மாத்திரை பறிமுதல்' என்று பிறகு வந்த செய்திகளில் அடிக்கடி தென்பட்ட பெயர் அது. வாயில் போட வேண்டிய மாத்திரையை ஊசியில் ஏற்றும்போது, அதைக் கட்டியாக்கச் சேர்த்த டால்க், மாவுப் பொருட்கள் ரத்தக் குழாயை அடைக்கின்றன, நுரையீரலில் போய்ப் படிகின்றன. கஞ்சா நல்லது என்று சொல்ல வரவில்லை. குறிப்பாக இளவயதில் அது மனநோயைத் தூண்டும் ஆபத்து உண்மையானது. ஆனால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'கஞ்சா வேட்டை' போன்ற நடவடிக்கைகளின் வெற்றியைக் கிலோக் கணக்கில் மட்டும் சொன்னால், பையன் கஞ்சாவிலிருந்து ஊசிக்கு மாறினானா என்பது எந்தக் கணக்கிலும் வராது.

இலங்கையில் 2023 டிசம்பர் 17 அன்று தொடங்கிய 'யுக்திய' என்ற போதை ஒழிப்புப் போலீஸ் நடவடிக்கை இதன் உச்சம். ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். வீடுகளுக்குள் புகுந்த சோதனைகள் தொலைக்காட்சியில் ஓடின. 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்திவைக்கக் கேட்டார்கள். அங்கே கந்தகாடு போன்ற ராணுவ நிர்வாகத்தில் இயங்கிய முகாம்களுக்குப் பெயர் 'புனர்வாழ்வு'. 2022ல் அங்கிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள்.

## சரி, தளர்த்தினால் போதுமா?

போதாது. இதில் நேர்மையாக இருக்க வேண்டும். எய்ம்ஸ் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது குடிக்கிறார்கள். கஞ்சா வகைகளை எடுப்பவர்கள் சுமார் 3.1 கோடி, அதிலும் பெரும்பங்கு பாங்கு. கடை திறந்து எளிதில் கிடைக்கும் பொருளையே அதிகம் பேர் எடுக்கிறார்கள். ஆகவே விற்பனையைக் கட்டுப்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. கேள்வி, பொருளைத் துரத்தும் சட்டம் ஆளையும் துரத்த வேண்டுமா என்பது.

போர்த்துகல் 2001 ஜூலை 1 முதல் இந்த இரண்டையும் பிரித்தது. 1990களின் இறுதியில் அங்கே நூறில் ஒருவர் ஹெராயின் சிக்கலில் இருந்ததாக மதிப்பிட்டார்கள். புதிய சட்டப்படி விற்பது குற்றம், வைத்திருப்பதும் தவறுதான். ஆனால் பத்து நாள் பயன்பாட்டுக்குள் இருந்தால், அதாவது ஹெராயின் ஒரு கிராம், கஞ்சா 25 கிராம் என்ற அளவுக்குள், வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாது. சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்த மூவர் குழு முன் போய் உட்கார வேண்டும். 'எவ்வளவு நாளாக எடுக்கிறீர்கள், வேலை இருக்கிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள்' என்பது போன்ற கேள்விகளே அங்கே எழும். சார்பு இல்லாதவரைப் பெரும்பாலும் எச்சரித்து அனுப்புவார்கள். சார்பு உள்ளவருக்குச் சிகிச்சைக்கு வழி காட்டுவார்கள். கூடவே சிகிச்சை மையங்களையும் ஊசி மாற்றித் தரும் சேவையையும் விரிவாக்கினார்கள். ஊசி வழியாக எச்ஐவி தொற்றுவது, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் என்ற நிலையிலிருந்து சில பத்துகளாக இறங்கியது.

2012க்குப் பிறகு அங்கே பணத்தைக் குறைத்து, சேவைகளைத் துண்டு துண்டாக்கினார்கள். போர்ட்டோ, லிஸ்பன் தெருக்களில் பழைய காட்சிகள் திரும்புவதாக 2023ல் குரல்கள் எழுந்தன.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2021 பிப்ரவரியில் சொந்தப் பயன்பாட்டுக்கான சிறைத் தண்டனையை நீக்கிப் பார்த்தது. பிடிபட்டால் நூறு டாலர் அபராதம், உதவி எண்ணுக்கு அழைத்தால் அதுவும் தள்ளுபடி. அழைத்தவர்கள் மிகக் குறைவு. சிகிச்சைக்கான பணம் மாதக்கணக்கில் தாமதமானது. அதே நேரத்தில் ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் தெருவுக்கு வந்தது. மக்கள் வெறுத்துப்போனார்கள், 2024 செப்டம்பர் 1 முதல் மறுபடி குற்றமாக்கினார்கள். தண்டனையை எடுத்தார்கள், அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. போர்த்துகலில் அந்த மூவர் குழு இருந்தது, குழுவுக்குப் பின்னால் சிகிச்சைப் படுக்கை இருந்தது.

## இங்கே ஏற்கெனவே இருப்பவை

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்தும் மாற்று மருந்து மையங்களில், ஹெராயின் எடுத்தவருக்குத் தினமும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை தருகிறார்கள். செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வார். கரையும் வரை அங்கேயே பெஞ்சில் உட்கார வேண்டும். பிறகு வாயைத் திறந்து காட்டிவிட்டு வேலைக்குப் போகலாம். கொட்டாவி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, பொட்டலத்துக்குப் பணம் தேட வேண்டியதும் இல்லை. பஞ்சாப் 2017லிருந்து இதே மருந்தை வெளிநோயாளி மையங்கள் வழியாகப் பெரிய அளவில் தருகிறது. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று இதை எதிர்ப்பவர்கள், அந்த பெஞ்சில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சட்டத்திலும் அசைவு இருந்தது. சொந்தப் பயன்பாட்டைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம் என்று மத்திய சமூக நீதி அமைச்சகம் 2021ல் பரிந்துரைத்ததாகச் செய்திகள் வந்தன. அந்த ஆண்டு குளிர்காலக் கூட்டத்தொடரில் நிறைவேறியதோ, 27ஏ பிரிவில் இருந்த ஒரு எழுத்துப் பிழையைச் சரிசெய்யும் திருத்தம் மட்டும்.

சொந்தப் பயன்பாட்டைக் குற்றமாகப் பார்க்காத திருத்தம் வரும் வரை, வழக்கில் சிக்கியவரின் குடும்பம் செய்யக்கூடியவை இவை:

1. பிடிபட்ட அளவு சிறு அளவுக்குள் இருந்தால், 64ஏ பற்றி வக்கீலிடம் முதல் நாளே பேசுங்கள். சார்பு இருப்பதற்கான மருத்துவச் சான்று எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

2. சிகிச்சை அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ இருக்க வேண்டும். மற்ற இடங்கள் 64ஏவுக்குக் கணக்கில் வராது.

3. காவலில் இருப்பவருக்கு விலகல் அறிகுறி வரும் என்று மாஜிஸ்திரேட்டிடம் வக்கீல் மூலம் சொல்லி, மருத்துவரைக் காட்டக் கேளுங்கள். கூடவே மது பழக்கமும் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மதுவைத் திடீரென நிறுத்தும்போது வலிப்பு வந்து உயிரே போகலாம்.

4. வழக்கு எதுவும் இல்லாத நிலையிலேயே, வீட்டில் ஒருவருக்கு உதவி தேவை என்றால், மத்திய அரசின் இலவசப் போதை மீட்பு உதவி எண் 14446. அழைப்பவர் பெற்றோராகவோ நண்பராகவோகூட இருக்கலாம்.